'நெட் வரலைங்ணா': பனியன் கம்பெனி நெட்வொர்க்குகளில் பழகிக் கற்றவை

திருப்பூரில் பனியன் கம்பெனி, டையிங் யூனிட், ஆடிட்டர் ஆபீஸ் மாதிரியான சிறிய இடங்களின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பத்து சிஸ்டம் முதல் முப்பது சிஸ்டம் வரை இருக்கும். ஐடி ஆள் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் தம்பியோ, மெர்ச்சண்டைசரோ, கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரோ அவர் தலையில்தான் அந்த வேலை விழும். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன் வந்தால் முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "நெட் வரலைங்ணா." அடுத்ததும் பெரும்பாலும் ஒன்றுதான்: "லைன்காரங்களுக்குச் சொல்லியாச்சுங், எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்தாச்சுங்." இந்த இரண்டாவது பேச்சு எனக்குக் கவலை தரும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சில கோளாறு சரியாகும், உண்மைதான். ஆனால் எந்த சிஸ்டத்துக்கு என்ன முகவரி இருந்தது, எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்ற தடயம் எல்லாம் அதோடு போய்விடும். சில சமயம் கோளாறு இன்னும் பரவும். அப்படிப் பரவிய ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

அதனால் நான் முதலில் கேட்பது இது: எல்லாருக்கும் வரவில்லையா, சிலருக்கு மட்டுமா? அந்தச் சிலர் ஒரே அறையில் இருக்கிறார்களா? ஆபீஸ் சர்வரில் இருக்கும் கணக்கு சாஃப்ட்வேர் டேலி ஓடுகிறதா? பிரிண்ட் போகிறதா? வைஃபையில் இருக்கும் போனில் வருகிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் இணைப்பு தரும் லைன்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை; கோளாறு அந்த சிஸ்டத்திலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. ஒரு அறை முழுக்க வரவில்லை என்றால் அந்த அறையின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சின்னப் பெட்டியை, அதாவது நெட்வொர்க் சுவிட்சைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் வரவில்லை, ஆனால் டேலியும் பிரிண்டும் ஓடுகிறது என்றால் உள் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, ரூட்டரில் இருந்து வெளியேதான் பிரச்னை. டேலியும் சேர்ந்து நின்றுவிட்டதென்றால் கட்டடத்துக்குள்ளேயே தேட வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கடைசி வகைதான் அதிகம், அதற்குத்தான் லைன்காரர் அதிகம் திட்டு வாங்குகிறார்.

இணையம் நம் மேசைக்கு வரும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம், அதிலிருந்து கேபிள், சுவிட்ச், ரூட்டர், ரூட்டருக்குப் பின்னால் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி (பலரும் மோடம் என்றுதான் சொல்கிறார்கள்), அதற்கப்புறம் கம்பத்து வழியாகப் போகும் ஃபைபர். கோளாறு பார்ப்பது என்றால் இந்தப் பாதையில் எதுவரை போக முடிகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸில் சிஎம்டி என்ற கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் அந்த சிஸ்டத்தின் ஐபி முகவரியும், டீஃபால்ட் கேட்வே என்ற வெளியே போகும் வாசலின் முகவரியும் வரும். ஸ்லாஷ் போட்டு ஆல் என்று சேர்த்தால் முகவரியைக் கொடுத்தது யார், தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் எது என்பதும் தெரியும். அப்புறம் வரிசையாகப் பிங் செய்ய வேண்டும், அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் கேட்வே. பதில் வந்தால் சிஸ்டம், கேபிள், சுவிட்ச் மூன்றும் சரி. அடுத்து வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8. பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அடுத்து ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ் பிரச்னை. இவ்வளவுதான். பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வர்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வங்கித் தளம் பிங்கில் பேசவில்லை என்பதற்காக அது படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஐபிகான்ஃபிக் காட்டும் முகவரியே நிறைய சொல்லும். 169.254 என்று ஆரம்பித்தால், சிஸ்டம் முகவரி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் ரூட்டரையும் பார்க்க வேண்டும்; டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. முகவரி ஒழுங்காக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும், பக்கத்து சிஸ்டத்தின் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன்.

அவிநாசி சாலைப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. கீழே ஆபீஸ், மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்கு லாரியில் ஏறிவிட்டது, சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் போட வேண்டும், நெட் இல்லை. நான் போனபோது டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கவுண்ட்ஸ் தம்பி லைன்காரரோடு போனில் இருந்தார். லைன்காரர், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்" என்கிறார். இவர், "இங்க வரலைங்களே" என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

முதல் வேலை லாரியை அனுப்புவது. தம்பியின் போனை யூஎஸ்பி கேபிளில் சிஸ்டத்தோடு சேர்த்து, டெதரிங் போட்டு, ஆபீஸ் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு இ-வே பில் எடுத்தோம். கேபிளைக் கழற்றுவது முக்கியம். இரண்டு பாதையும் இருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் ஆபீஸ் கேபிள் வழியாகவே போகப் பார்க்கும், அப்போது போனில் நெட் இருந்தும் பயன்படாது. கோளாறு பார்ப்பதற்கு முன்னால் அவசர வேலையை இப்படி ஒதுக்கிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வாசலில் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது.

அப்புறம் விசாரித்தேன். காலையில் வந்தபோது அக்கவுண்ட்ஸில் இருவருக்கு மட்டும்தான் நெட் இல்லையாம். மெர்ச்சண்டைசிங் பக்கம் எல்லாருக்கும் இருந்திருக்கிறது. "எல்லாரும் ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று யாரோ சொல்ல, ரீஸ்டார்ட் செய்த சிஸ்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. இரவு முழுக்க ஆஃப் செய்யாமல் விட்டிருந்த பேட்டர்ன் சிஸ்டமும் சர்வரும் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இது மிக நல்ல தடயம். லைன் போயிருந்தால் ரீஸ்டார்ட் செய்தது, செய்யாதது என்று பார்த்துப் போகாது.

படுத்த சிஸ்டத்தில் ஐபிகான்ஃபிக் பார்த்தேன். முகவரி 192.168.0.104, கேட்வே 192.168.0.1. தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருந்த பேட்டர்ன் சிஸ்டத்தில் பார்த்தால் 192.168.1.31, கேட்வே 192.168.1.1. அந்த ஆபீஸின் ரூட்டர் 192.168.1.1 தான். அப்படியானால் அந்த 0.1 யார்?

சிஸ்டம் ஆன் ஆனதும், எனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடும். டிஎச்சிபி என்ற ஏற்பாடு அதற்குப் பதில் சொல்லும்: இது உன் முகவரி, வெளியே போக இது வாசல், பெயர் தேட இது டிஎன்எஸ். பதில் சொல்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று சிஸ்டம் சரிபார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வெளியூர்க்காரர் முதலில் வழி சொன்னவர் பேச்சைக் கேட்டு நடப்பது மாதிரி, பொதுவாக எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் முகவரி கொடுப்பவர் இரண்டு பேர் ஆகிவிட்டால் யாருக்கு எது கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. ஏற்கெனவே முகவரி வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம், அந்த முகவரிக்குக் கொடுத்த காலத்தில் பாதி முடிந்ததும் தனக்கு முதலில் கொடுத்த ரூட்டரிடமே நேராகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் ஆஃப் செய்யாதவை தப்பித்தன. ரீஸ்டார்ட் செய்தவை புதிதாகக் கேட்கப்போய், தப்பான ஆளிடம் மாட்டிக்கொண்டன. 0 வரிசைக்குப் போனவற்றால் 1 வரிசையில் இருக்கும் சர்வரைத் தொட முடியாது, அதனால் டேலியும் நின்றுவிட்டது.

கண்டுபிடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். படுத்த சிஸ்டத்தில் சிஎம்டியில் ஏஆர்பி என்று அடித்து ஹைஃபன் ஏ சேர்த்தால் அந்த 0.1இன் மேக் முகவரி, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண் வரும். அதன் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரித்த கம்பெனியைத் தெரிந்துகொள்ளலாம். பார்த்தேன், வீடுகளுக்கு விற்கும் வைஃபை ரூட்டர் பிராண்ட். பிரவுசரில் 192.168.0.1 என்று போட்டதும் அதன் லாகின் பக்கமும் வந்தது. யார் என்று தெரிந்துவிட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆபீஸில் யாரைக் கேட்டாலும், "அப்படி ஒண்ணும் இல்லீங்ணா" என்றார்கள்.

அடுத்த வழி பழையது, ஆனால் ஏமாற்றாது. அதே சிஸ்டத்தில் 0.1ஐப் பிங் செய்து, நிற்காமல் ஓடும்படி ஹைஃபன் டி போட்டுவிட்டேன். தம்பியைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு ரேக்குக்குப் போய், சுவிட்சில் இருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றி, சில விநாடி காத்து, மறுபடி செருகி, அடுத்தது. சாதாரண சுவிட்சாக இருந்தால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஒரேயடியாகப் பத்தைப் பிடுங்கினால் எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். "நின்னுருச்சுங்ணா, ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்னு வருது" என்று தம்பி கத்தியபோது என் கையில் இருந்தது மாடிக்குப் போகும் கேபிள்.

மாடியில் செக்கிங் டேபிளுக்கு அடியில் இருந்தது அந்த ரூட்டர். மேலே பஞ்சு படிந்து கிடந்தாலும் விளக்குகள் ஜோராக எரிந்துகொண்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் சரக்கு வாங்கும் பையரின் தரம் பார்க்கும் ஆள் (கியூசி) வந்திருக்கிறார், அவருடைய டேப்லட்டுக்கு மாடியில் வைஃபை எட்டவில்லை. சூப்பர்வைசர் வீட்டில் சும்மா கிடந்த ரூட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருந்த கேபிளை அதன் லேன் போர்ட்டில் (உள் நெட்வொர்க்குக்கான துளையில்) செருகியிருக்கிறார். வேலை நடக்க வேண்டுமே என்று செய்த மனிதர் அவர். அவரைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, மாடிக்கு வைஃபை தேவை என்பதைத்தான் அவர் காட்டிக்கொடுத்தார்.

சரி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. அந்த ரூட்டரைத் தனியே என் லேப்டாப்பில் சேர்த்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தினேன். அதன் முகவரியை 192.168.1.2 என்று, பெரிய ரூட்டர் கொடுக்கும் வரிசைக்கு வெளியே வைத்தேன். அதே கேபிளை அதே லேன் போர்ட்டில் மறுபடி செருகினேன். இப்போது அது முகவரி கொடுக்காது, வைஃபை மட்டும் கொடுக்கும். கீழே வந்து ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஐபிகான்ஃபிக் ரிலீஸ், அப்புறம் ரென்யூ. எல்லாம் 1 வரிசைக்குத் திரும்பின. பின்னாளில் அவர்கள் மேனேஜ்டு சுவிட்ச் (நாமே விதி போடக்கூடிய சுவிட்ச்) வாங்கியபோது டிஎச்சிபி ஸ்நூப்பிங் என்ற காவலைப் போட்டுக் கொடுத்தேன். பெரிய ரூட்டர் இருக்கும் போர்ட்டில் இருந்து மட்டும்தான் முகவரி வரலாம், மற்ற போர்ட்டில் இருந்து வந்தால் சுவிட்சே தடுத்துவிடும். ஆட்கள் வந்து போகும், ஆளாளுக்கு எதையாவது செருகும் இடத்துக்கு அந்தச் செலவு தகும் என்பேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறு உண்டு, ஐபி மோதல். பிரிண்டருக்கோ சிசிடிவி டிவிஆருக்கோ கையால் ஒரு முகவரி வைத்திருப்பார்கள், அதே முகவரியை ரூட்டர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த சிஸ்டத்தில் நெட் வரும், போகும், மறுபடி வரும். கேமராக்காரர் வந்து போன மறுநாள் இது நடந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கையால் வைக்கும் முகவரிக்கு ஒரு வரிசை, ரூட்டர் கொடுப்பதற்கு வேறு வரிசை என்று பிரித்து வைத்தால் தீர்ந்தது. நான் 2 முதல் 50 வரை கையால் வைப்பதற்கு, 100 முதல் 200 வரை ரூட்டருக்கு என்று விடுவேன்.

மின்சாரத்துக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஊரில் இது அன்றாட விஷயம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் சிஸ்டங்கள் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டரும் ஓஎன்டியும் சுவரில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கும், அவை அணைந்து எழும். சின்ன சுவிட்ச் சில விநாடியில் எழுந்துவிடும். ரூட்டரும் ஓஎன்டியும் எழுந்து லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் ஆன் ஆகும் சிஸ்டம் முகவரி கேட்டு, யாரும் பதில் சொல்லாமல், 169.254க்குப் போய்விடும். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும், ஆனால் அதுவரை பொறுமை யாருக்கும் இருக்காது. ஓஎன்டி, ரூட்டர், மெயின் சுவிட்ச் மூன்றுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பதுதான் தீர்வு. அவை குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆன் செய்யும்போதும் வரிசை உண்டு: ஓஎன்டி போட்டு லைன் விளக்கு நிலையாகும் வரை காத்திருந்து, அப்புறம் ரூட்டர், அப்புறம் சுவிட்ச், கடைசியில் சிஸ்டங்கள்.

பனியன் கம்பெனிகளுக்கே உரிய எதிரி பஞ்சு. ரூட்டரின் காற்றுத் துளைகளையும் சுவிட்சின் ஃபேனையும் பஞ்சு அடைத்துவிடும். உள்ளே சூடு ஏறி மதியத்துக்கு மேல் தானாக ரீஸ்டார்ட் ஆகும், காலையில் நன்றாக இருக்கும். மதியம் மட்டும் நெட் அறுந்து அறுந்து வருகிறது என்று யாராவது சொன்னால் பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அயர்னிங் பக்கத்தில் நீராவி சூட்டில் சுவிட்சை மாட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. இடத்தை மாற்றுங்கள், மாதம் ஒருமுறை புளோயர் அடியுங்கள், அதுவே போதும்.

கேபிளில் நான் பார்ப்பது மூன்று. ஆர்ஜே 45 முனையின் சின்னக் கொக்கி உடைந்திருந்தால் பார்க்கச் செருகிய மாதிரி இருக்கும், டேபிளை அசைத்தால் லைன் போகும். இரண்டாவது, சுவிட்சுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவே 100 மீட்டருக்கு மேல் ஒரே கேபிள் போடக் கூடாது. நீளமான ஷெட்டுகளில் இதை யாரும் அளப்பதில்லை. மூன்றாவது, எலி. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி இருக்கிறது. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். எலி ஒரு ஜோடியைக் கடித்துவிட்டால் பல சமயம் லைன் போகாது, வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடும். அடாப்டர் ஸ்டேட்டஸில் வேகத்தைப் பார்த்தால் தெரியும். ஜிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாராவது தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் மொத்த ஆபீஸும் நின்றுவிடும். சாதாரண சுவிட்சில் அந்தச் சுற்றுக்குள் தகவல் ஓயாமல் சுழன்று எல்லாவற்றையும் அடைத்துவிடும். சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் வேகமாக மின்னும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. டேபிள் இடம் மாற்றிய நாள், வெள்ளையடித்த நாள், ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த மறுநாள் எல்லாம் இதற்கு உகந்த நாட்கள்.

ஒரு சிஸ்டத்தில் மட்டும் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, வங்கித் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது என்றால், திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032, தீர்ந்துபோயிருக்கும். சிஸ்டத்தை ஆஃப் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளத்தின் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கணக்கு இருக்கிறது. சிஸ்டத்தின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் ஏற்காது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பேட்டரிதான். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 3பிக்குக் கடைசி நாளான 20ஆம் தேதியில் இதற்காகப் பதறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டாஸ்க்பாரில் 'நோ இன்டர்நெட்' என்று குறி வந்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சின்ன டெஸ்ட் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறது. அது கிடைக்கவில்லை என்றால் இணையமே இல்லை என்று காட்டும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வழி அடைபட்டிருக்கலாம். மேலே சொன்ன வரிசையில் பிங் செய்து பார்ப்பதுதான் சரியான சாட்சி.

சில தளம் திறக்கிறது, சில தளம் பாதியில் தொங்குகிறது என்பது வேறு ரகம். பிபிபிஓஇ என்ற முறையில் யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் லைன்களில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் கூடுதல் சுமை. ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியூ, வழக்கமான 1500க்குப் பதில் 1492 என்று ரூட்டரில் இருக்க வேண்டும். ரூட்டர் மாற்றிய நாளில் இருந்து இப்படி ஆகிறது என்றால் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு ஒன்றுதான் சொல்வேன்: அப்லோடைப் பாருங்கள். டிசைன் ஃபைலை யாராவது பையருக்கு ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது கேமரா வீடியோ கிளவுடுக்குப் போய்க்கொண்டிருக்கும். மேலே போகும் பாதை நிரம்பிவிட்டால் கீழே இறங்குவதும் தடுமாறும். எல்லாரையும் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, ஒரே சிஸ்டத்தில் கேபிளில் ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். வைஃபையில் எடுத்த டெஸ்ட்டை வைத்து லைன்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது லைன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், வாங்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் இரண்டு லைனும் ஒரே கம்பத்து வழியாக வந்தால் லாரி மோதும்போது இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று 4ஜி அல்லது 5ஜி சிம் போடும் ரூட்டர் என்று வைப்பது நல்லது. பையரின் போர்ட்டல் உங்கள் நிலையான ஐபியை மட்டும் அனுமதிக்கும்படி இருந்தால் மாற்று லைனில் அது திறக்காது. இதை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். சிம் லைனில் வெளியில் இருந்து கேமரா பார்க்க முடியாமல் போவதும் இயல்புதான். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி (வான் ஐபி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் பலரோடு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள், வெளியில் இருந்து நேராக உள்ளே வர வழி கிடையாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கோளாறு வெளியேதான் என்று உறுதியானால் லைன்காரரைக் கூப்பிடலாம். அதற்கு முன் ஓஎன்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பாக இருந்தால் ஒளியே வரவில்லை. எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது உங்கள் சுவரோரத்தில் ஓஎன்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயர் (பேட்ச் கார்டு) மடங்கியிருக்கிறது. நாற்காலி ஏறிய பேட்ச் கார்டை நிறைய பார்த்திருக்கிறேன். அந்த வயரின் பச்சை முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். பான் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, அவர்கள் சிஸ்டத்தில் பதிவாகவில்லை. ஓஎன்டியின் பக்கத்துக்குள் போக முடிந்தால் ஆப்டிகல் பவர் எவ்வளவு என்று பாருங்கள். ஜிபான் வகை ஃபைபர் லைனில் மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் லைன் விளிம்பில் நிற்கிறது, மழை பெய்தால் போய்விடும்.

கம்ப்ளெயின்ட்டில் "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரூட்டரையும் சுவிட்சையும் கழற்றிவிட்டு, ஓஎன்டியில் நேராக ஒரு லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தாச்சு, எல்ஓஎஸ் சிவப்பு, காலை பத்தரை மணியில் இருந்து" என்று சொல்லுங்கள். போனை எடுத்தவர் வழக்கமான கேள்விகளைத் தாண்டி நேராக அறுந்த ஃபைபரை இணைக்கும் ஸ்ப்ளைசிங் ஆளை அனுப்புவார். கஸ்டமர் ஐடி, ரூட்டர் பாஸ்வேர்ட், முகவரி வரிசை, எந்தக் கேபிள் எந்த அறைக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பூட்டுள்ள ரேக்குக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் வேறொருவர் அதைப் பார்த்து இந்த போனைச் செய்ய வேண்டியிருக்கும்.